சாமான் கெடைக்குமா? கரடு ரோட்டு ரிமோட் லொறிகளின் கதை

போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த தம்பி, தோளில் கிடந்த பேக்கைக்கூட இறக்கி வைக்கவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணே, இதுல எத வாங்கலாம்?"

மூன்றும் ரிமோட் லொறிகள். ஒவ்வொன்றும் ஒரு முழங்கை நீளம். உடம்பைவிட டயர்தான் பெரிசா தெரியுது. சேற்றில் பாயுது, கல்லில் ஏறுது, அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு விழுந்து திரும்பவும் ஓடுது. "இது வெளையாட்டுச் சாமான் இல்லண்ணே, ஹொபி கிரேட்" என்றான்.

விலையைப் பார்த்தேன். ஆகக் குறைஞ்சது 200 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 60,000. அனுப்பும் கூலி, வரி எல்லாம் வேறு. தோட்டத்தில் 2024ல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். வகுத்துப் பார்த்தால் 44 நாளைத் தாண்டுகிறது. அம்மாவுக்கு 44 நாள் முழுப் பேர் விழுந்தால் வரும் காசு அது. நடுவில் ஒரு நாள்கூட அரைப் பேர் போட்டிருக்கக் கூடாது.

ஆனால் அது தம்பி உழைத்த காசு. அவனுடைய ஆசை. வேணாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அப்பாதான் கேட்டார்: "சாமான் கெடைக்குமா?"

அப்பா இருபது வருடம் தோட்ட லொறியில் கிளீனராக இருந்தவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி இதுதான். எவ்வளவு வேகம், என்ன கலர் என்றெல்லாம் கேட்கவே மாட்டார். சாமான் என்றால் உதிரிப்பாகம். தம்பிக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்காகத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த வண்டிகளின் ஐம்பது வருட வரலாற்றையும் அப்பாவின் கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் எங்க ரோட்டு

மலையகம் என்றதும் பலருக்கும் நுவரெலியாக் குளிர்தான் நினைவுக்கு வரும். சப்ரகமுவ அப்படி இல்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மலை தாழ்வு, புழுக்கம் அதிகம். தேயிலையும் இறப்பரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழையில் ஊறிய செம்மண்ணில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் வழுக்கல் தெரியும்.

இறப்பர் மரமும் எங்கள் பாட்டன்மாரைப் போல கப்பலில் வந்ததுதான். 1876ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த நாற்றுகளில் ஏறத்தாழ 2000 இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1888ல் டன்லொப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு மோட்டர் வண்டிகள் பெருகின. உலகத்துக்கு டயர் தேவைப்பட்டது. அதனால் எங்கள் மலைகளில் பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது.

வெட்டிய பாலைக் கொழும்புக்குக் கொண்டுபோக ரயில் போட்டார்கள். களனிவெளிப் பாதை அப்போது வெறும் 2 அடி 6 அங்குல அகலம்தான் இருந்தது. 1902ல் அவிசாவளை, 1903ல் எட்டியாந்தோட்டை, 1912ல் இரத்தினபுரி, 1919ல் ஓப்பநாயக்க என்று நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இருந்த மற்றதும் 1970களில் நின்றுபோனது. அதற்குப் பிறகு எல்லாமே லொறிதான். மாட்டு வண்டிக்கு வெட்டிய வளைவுகளில், மழை அரித்த பள்ளங்களில், கொழுந்தும் ஒட்டுப்பாலும் ஆட்களும் அரிசி மூட்டையும் லொறியில்தான் ஏறி இறங்கின.

அப்பா வேலை செய்தது ஒரு பழைய பெட்போர்ட் லொறியில். அது பழுதாகாத மாதமே இல்லை என்பார். ஆனால் பழுதான அன்றைக்கோ மறுநாளோ திரும்ப ஓடும். கராஜ் பாஸ் கழட்டுவார், வேறொரு செத்த வண்டியிலிருந்து எடுத்த சாமானைப் போடுவார், முடிந்தது கதை. அப்பா அந்த லொறியை இன்றைக்கும் "உறுதியான வண்டி" என்றுதான் சொல்கிறார். மாதாமாதம் பழுதான வண்டி எப்படி உறுதியான வண்டி ஆகும்? எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை.

செருப்புச் சக்கரமும் புறக்கோட்டை ரிமோட்டும்

எங்களுக்கும் சின்ன வயதில் லொறி இருந்தது. டின்மீன் டின்தான் உடம்பு. தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டினால் நாலு சக்கரம். குடைக்கம்பி அச்சு. ஒரு நீளக் கம்பைக் கட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவோம். சக்கரம் தேய்ந்தால் இன்னொரு சிலிப்பர் தேய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் லயத்தில் சிலிப்பர் தேயாத வீடு எது? சாமானுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

தம்பிக்கு ஒன்பது வயதானபோது அப்பா கொழும்புக்குப் போய் ரிமோட் ஜீப் ஒன்று வாங்கி வந்தார். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை, அப்படிப்பட்ட ஜீப் எல்லாக் கடையிலும் தொங்கியது. முதல் நாள் லயமே கூடி நின்று பார்த்தது. இரண்டாம் நாள் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் போக்குக்கல்லில் மோதியது. முன் சக்கரம் திரும்பவில்லை. அப்பா கழட்டினார். உள்ளே ஒரே ஒரு பச்சைத் தகடு. ரிமோட்டின் சொல்லை வாங்குவது, மோட்டரை ஓட்டுவது, சக்கரத்தைத் திருப்புவது எல்லாம் அந்தத் தகடுதான். சக்கரம் திருப்பும் துண்டுப் பிளாஸ்டிக் மட்டும்தான் உடைந்திருந்தது. ஆனால் அந்தத் துண்டை எங்கேயும் விற்பதில்லை. ஜீப் அலுமாரிக்கு மேலே ஏறியது. தம்பி மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா அதைவிடக் கூடுதலான நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

விளையாட்டுச் சாமானுக்கும் ஹொபி வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பச்சைத் தகடுதான். ஹொபி வண்டியில் ரிசீவர் தனி, வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி தனி, சக்கரம் திருப்பும் சேர்வோ தனி, மோட்டர் தனி. எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். சக்கரத்தைத் தாங்கும் கையிலிருந்து சின்ன ஆணி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் பாக இலக்கம் உண்டு. வேகமும் விலையும் அடுத்த விஷயம்.

ஷிசுவோக்காவிலிருந்து மணலுக்கு

ரேடியோவால் ஒரு பொருளை ஓட்டுவது புதுசு இல்லை. 1898ல் நியூயோர்க் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில் நிக்கொலா டெஸ்லா ஒரு சின்னப் படகை அப்படி ஓட்டிக் காட்டினார். ஆனால் அது சாதாரண ஆட்களின் கைக்கு வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஜப்பானின் ஷிசுவோக்காவில் 1946ல் ஒரு மர ஆலையாகத் தொடங்கியது தமியா. பிறகு மரத்தில் பொம்மைகள், 1960லிருந்து பிளாஸ்டிக் மாதிரிகள். 1976ல் தங்கள் முதல் ரேடியோ காரை, போர்ஷே 934ஐ, வெளியிட்டார்கள். போர்ஷேயைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஷுன்சாக்கு தமியா நிஜ போர்ஷே கார் ஒன்றையே வாங்கிக் கழட்டிப் பார்த்தார். இந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. கழட்டிப் பார்க்கும் ஆள் செய்த வண்டி, வாங்குகிறவனும் கழட்டும்படிதான் இருக்கும். தமியா வண்டிகள் பெட்டிக்குள் துண்டு துண்டாகத்தான் வந்தன. நாமே பூட்ட வேண்டும். பூட்டத் தெரிந்தவனுக்கு உடைந்தால் கழட்டவும் தெரியும்.

போர்ஷே தட்டையான தரையில்தான் ஓடும். 1979ல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கோச்சரும்தான் மணலுக்கும் மண்ணுக்கும் இறங்கின. இரண்டும் வொக்ஸ்வாகன் பாலைவன வண்டிகளைப் பார்த்துச் செய்தவை. நாலு சக்கரத்துக்கும் வேலை செய்யும் சஸ்பென்ஷன், நிறைய உலோகப் பாகங்கள். இன்னொன்றும் இருந்தது. ரேடியோ சாமான்களையெல்லாம் தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தார்கள். இன்றைக்கு "வோட்டர்ப்ரூப்" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் விஷயத்தின் ஆரம்பம் அந்தப் பெட்டி.

1981ல் தமியா டொயோட்டா ஹைலக்ஸை இறக்கியது. நிஜ லொறியைப் போலவே இலை ஸ்பிரிங், நாலு சக்கர இழுவை, மூன்று கியர். 1983ல் தவளை என்ற பெயரில் ஒரு பகி. அதன் பின் அச்சுத் தண்டின் அறுகோண முனை ஓட ஓடத் தேய்ந்து உருண்டையாகிவிடும். வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை இது. 2005ல் அதே தவளையைத் திரும்ப வெளியிட்டபோது அந்தத் தண்டை மாற்றியிருந்தார்கள். எங்கே உடைகிறது என்பதை ஆயிரம் பையன்கள் மண்ணில் ஓட்டித்தான் கண்டுபிடித்தார்கள்.

பெரிய டயரின் காலம்

இதற்கிடையில் அமெரிக்காவில் பொப் சாண்ட்லர் என்பவர் தன்னுடைய ஃபோர்ட் பிக்கப்பின் டயரைப் பெரிசாக்கிக்கொண்டே போனார். பிக்ஃபுட் என்று பெயர். 1981ல் அது பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியதை வீடியோ எடுத்தார்கள். மொன்ஸ்டர் ட்ரக் மோகம் கிளம்பியது. தமியா 1986ல் பிளாக்ஃபுட்டையும், 1987ல் இரண்டு மோட்டரும் நாலு சக்கரத் திருப்பமும் உள்ள க்ளொட் பஸ்டரையும் விட்டது. தம்பியின் போனில் பார்த்த பெரிய டயர்கள் இந்த வம்சம்தான்.

1986ல் டெக்சாஸில் ட்ராக்ஸஸ் தொடங்கியது. அவர்கள் வண்டியைப் பூட்டியே விற்றார்கள். 1994ல் ஸ்டாம்பீட். உயரமான உடம்பு, பின் சக்கர இழுவை மட்டும், எளிய அமைப்பு. முப்பது வருடம் கழிந்தும் அது விற்பனையில் இருக்கிறது. 2008ல் வந்த ஸ்லாஷ் பாலைவனப் பந்தய லொறியின் சாயல். உடம்பு சக்கரங்களைச் சுற்றி மூடியிருப்பதால் மோதினால் முதலில் அடிபடுவது உடம்பு, சக்கரத்தின் கை இல்லை. ஸ்டாம்பீடின் பல பாகங்கள் ஸ்லாஷிலும் போகும். எங்கள் கராஜ் பாஸ் செத்த வண்டியிலிருந்து சாமான் எடுத்ததும் இதே முறைதான்.

பிறகு லித்தியம் பொலிமர் பற்றரியும் பிரஷ் இல்லாத மோட்டரும் வந்தன. முன்பு மணிக்கு 25, 30 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது 80, 100ஐத் தொட்டது. கூடவே உடைவதும் கூடியது. பிளாஸ்டிக் கியர் போதவில்லை, உலோகக் கியர் வந்தது. அச்சு தடித்தது. தாங்காத இடத்தில் வேண்டுமென்றே நழுவ விட ஸ்லிப்பர் கிளட்சை நம்பினார்கள். வண்டி திடீரென்று இறுகினால் இந்தக் கிளட்ச் வழுக்கிக் கொடுக்கும், கியர் பிழைக்கும். (நாங்கள் சக்கரம் வெட்டிய சிலிப்பருக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை.)

உடையாத வண்டியை இவர்கள் யாரும் இன்னும் செய்யவில்லை. எது முதலில் உடைய வேண்டும், உடைந்தது எவ்வளவு மலிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்கள். அப்பா பெட்போர்டை ஏன் உறுதியான வண்டி என்றார் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

சரி, எங்க ரோட்டுக்கு எது?

தம்பிக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அவிசாவளைக்கு மேலே இருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

வண்டியைத் தேடும் முன் அதன் சாமானைத் தேடுங்க. முன் கை, சக்கரம் மாட்டும் அச்சு, பெரிய பல்சக்கரம், ஸ்டியரிங் சேர்வோ: இந்த நாலும் கொழும்பில் கிடைக்குமா, இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வர எத்தனை வாரம், என்ன விலை? பதில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் அலுமாரிக்கு மேலேதான் போகும். 2022ல் சில மாதத்துக்குள் டொலர் 200லிருந்து 360க்கு ஏறியதை மறக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025ல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாடே பழைய வண்டியைத் திருத்தித்தான் ஓடியது.

அடுத்தது, பொது அளவு. 1970களிலிருந்து வரும் 540 என்ற மோட்டர் அளவு இன்றைக்கும் மாறவில்லை. 1/10 அளவு வண்டிகளில் சக்கரம் மாட்டும் அறுகோணம் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர். சேர்வோவுக்கும் பொதுவான ஓர் அளவு உண்டு. இந்த மூன்றும் பொது அளவில் இருந்தால் ஒரு கொம்பனியை மட்டும் நம்பி இருக்கத் தேவையில்லை. பெயர் தெரியாத மலிவு வண்டிகள் சிலதில் எல்லாமே தனி அளவு. அந்தக் கொம்பனி நின்றால் வண்டியும் நின்றது.

வேகத்துக்கு மயங்காதீங்க. எங்கள் ரோட்டில் நேராக 50 மீற்றர் கிடைப்பதே அதிசயம். 80 கிலோமீற்றர் வேகத்தை எங்கே ஓட்டுவது? முதல் வண்டிக்குப் பிரஷ் மோட்டரும் பின் சக்கர இழுவையும் போதும். பாகம் குறைவு, விலை குறைவு, கழட்டுவது சுலபம். வழுக்கும் ஏற்றம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் நாலு சக்கர இழுவை எடுங்க. கல்லும் வேரும் நிறைந்த பாதை என்றால் க்ரோலர் என்னும் மெதுவாக ஏறும் வகை இருக்கிறது. மெதுவாகப் போவதால் அது உடைவதும் குறைவு. பெரிய டயர் பள்ளத்தைத் தாண்டும், ஆனால் வளைவில் கவிழும். இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

மழை. வோட்டர்ப்ரூப் என்று எழுதியிருந்தால் மின்சாமான்களுக்குத்தான். பெயாரிங்குக்கு இல்லை. செம்மண் தண்ணீர் பெயாரிங்கில் காய்ந்தால் அரம் போலத் தின்னும். ஓட்டி முடித்ததும் மண்ணைத் தட்டி, துடைத்து, காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. பால் வெட்டும் கத்தியைத் தீட்டாமல் யாராவது வைப்பார்களா? அதே பழக்கம்தான்.

கடைசியாகச் சொன்னாலும் பெரிய விஷயம் பற்றரி. லித்தியம் பொலிமர் பற்றரி நல்ல பலம் கொடுக்கும், ஆனால் அடிபட்டாலோ, வீங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அதோடு நிற்காது, ஒரே கூரை. படுக்கும்போது சார்ஜில் போடாதீங்க, ஆள் பக்கத்தில் இருக்கும்போது சீமெந்துத் தரையில் வைத்துப் போடுங்க. வீங்கியதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். பயமாக இருந்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரியே எடுங்க. கொஞ்சம் கனம், கொஞ்சம் மெதுவு, ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தைப்பொங்கல்

தம்பி புதுசு வாங்கவில்லை. கொழும்பில் ஒருவர் ஓட்டி விட்ட பின் சக்கர இழுவை லொறி ஒன்றைப் பாதிக்கும் குறைந்த விலையில் எடுத்தான். வண்டிக்கு முன்னாடியே இரண்டு சோடி முன் கையும் ஒரு பல்சக்கரமும் வாங்கி வைத்துவிட்டான். பொங்கலுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்தது அப்பா. ஓட்டவில்லை. ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து உடம்பைக் கழட்டி, உள்ளே பத்து நிமிடம் பார்த்தார். "ம். எல்லாம் தனித்தனியா இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள் அதே போக்குக்கல்லில் மோதியது. வலது முன் கை இரண்டாகப் போனது. கூடியிருந்த பொடியன்கள் "அய்யோ" என்று கத்தினார்கள். தம்பி என்னைப் பார்த்தான், நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா லயத்துக்குப் போய் அந்தச் சின்னப் பக்கெட்டை எடுத்து வந்தார். நாலு ஸ்க்ரூ, ஒரு தண்டு, அரை மணித்தியாலம். அவர் பூட்ட, தம்பி பிடித்துக்கொள்ள, பொடியன்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். அதில் ஒருவன் கேட்டான்: "மாமா, இது ஒடஞ்சா கடையில சாமான் கெடைக்குமா?"

அப்பா சிரித்தார். "கெடைக்கும்டா. அதப் பாத்துத்தான் வாங்கினது."